மீ லா பி!

க்யிம்யிண்டைங் ராத்திரிச் சந்தையில் சத்தத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஆற்றங்கரையில் இறங்கும் மீன் கூடைகள், சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரரின் மணி, யாங்கோனைச் சுற்றி வரும் ரயில் நிலையத்துக்குள் நுழையும்போது தண்டவாளம் போடும் கிறீச்சொலி, இரண்டாம் மேசைக்கு என்ன வேண்டும் என்று தேநீர்க் கடைப் பையன் அடுப்படியைப் பார்த்து ராகம் போட்டு நீட்டும் குரல். வெள்ளைக்காரர்கள் கெம்மண்டைன் என்று எழுதிய ஊர் இது. 1824இல் அவர்கள் பர்மாமீது படையெடுத்து வந்தபோது இங்கே இருந்த மரக்கோட்டையைத் தாண்டப் பெரும்பாடு பட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எங்களுக்கு அது பீரங்கி ஊர் அல்ல, மீன் ஊர். யாங்கோனின் மேற்கு ஓரம், ஆற்றைப் பார்த்த தெருக்கள், பர்மியர், கரேன், சீனர் வீடுகளுக்கு நடுவே எங்களைப் போலச் சில தமிழ்க் குடும்பங்கள். அங்கேதான் நான் பிறந்தேன், வளர்ந்தேன், பாட்டுக் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

2000ஆம் ஆண்டில் ஒருநாள் எங்கள் தெருமுனை லாப்பே யே (தேநீர்) கடையின் ஒலிபெருக்கியில் நான்கு பையன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பாடவில்லை, பேசினார்கள். ஆனால் அடி தப்பாமல் பேசினார்கள். அதுவரை அந்தக் கடையில் ஓடியதெல்லாம் ராக். அயர்ன் கிராஸ் இசைக்குழுவும் லே ஃபியூவின் குரலும்தான் அந்தக் காலத்து யாங்கோன். கிதார் அழும், அவர் குரல் அதற்கு மேலே ஏறும், தேநீர் ஆறும். அதற்குப் பழகிய காதுக்கு இந்தப் புதுச் சத்தம் முரடாக இருந்தது. பக்கத்து மேசைப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். நாங்கள் இரண்டாவது டீ சொன்னோம்.

ஆசிட் என்ற குழுவின் முதல் ஆல்பம் அது. பர்மிய மொழியில் அதன் பெயருக்கு 'தொடக்கம்' என்று பொருள். பியோ ஸேயா தோ, அனெக்கா, ஹெயின் ஸோ, யான் யான் சான் என்று நான்கு பேர். மியோ ஜோ மியாயிங் போன்றவர்கள் 90களிலேயே ராப்பைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள் என்றாலும், பர்மாவின் முதல் ஹிப்ஹாப் ஆல்பம் என்று ஊர் ஒப்புக்கொண்டது இதைத்தான். போணியாகாது என்று இசைத் தொழிலில் இருந்தவர்கள் பலர் சொல்லிக்கொண்டிருக்க, இரண்டு மாதத்துக்கு மேல் விற்பனைப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. ஸேயா தோவுக்கு அப்போது 19 வயது.

எங்கள் ஆயாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் புதிதாகத் தெரியவில்லை. எதிர் வீட்டு அகோ (பர்மியப் பையன்தான், ஆனால் எங்களுக்கு அண்ணன்) தன் வீட்டுத் திண்ணையில் கேசட்டைப் போட்டபோது, ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் கேட்டாள். "இது தன்ஜாட்டு தானேடா? திஞ்ஜானுக்குப் பாடுவாங்களே. இப்ப ஏன் பாடுறாங்க, தண்ணித் திருவிழா முடிஞ்சு போச்சே" என்றாள்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் பர்மிய ராப் பற்றி யாராவது கேட்டால் நான் ஆயாவின் அந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்குகிறேன். தன்ஜாட் என்பது ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழாவில் பாடும் நையாண்டி. முன்னே ஒருவன் ஓர் அடி சொல்வான், கூட்டம் பதில் அடி கொடுக்கும், மேளமும் ஜாலராவும் சேர்ந்து ஒலிக்கும். விலைவாசி, லஞ்சம், குடிகார மாப்பிள்ளை, ஊர்த் தலைவர், மந்திரி, யாரும் தப்ப முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை ஊர் அழுக்கைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது வாயாலும் கழுவிவிடுவது. 1988 எழுச்சியை நசுக்கி வந்த இராணுவ ஆட்சி இதைத் தடை செய்தது. தடைக்கு முந்தைய திஞ்ஜான்களை ஆயா பார்த்திருக்கிறாள், நான் பார்த்ததில்லை. ஆசிட்டின் தலைமுறைக்கும் அது சின்ன வயதில் காதில் விழுந்து அடங்கிப்போன மேளம்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் வாயடைக்கப்பட்ட ஒன்று நியூயார்க் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது என்பது, எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு ஒரே ஒரு கேசட்டில் புரிந்துவிட்டது.

அந்தக் கேசட்டின் ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய காதுக்கு அது மோசமான ஒலி. தாளம் ஒரு கீபோர்டின் வயிற்றிலிருந்து வருவதுபோல உலர்ந்து இருக்கும். அடிநாதம் கிடையாது. குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து முகத்தில் உட்காரும். பாதிக் குற்றம் பதிவினுடையது, மீதி நாடாவினுடையது. கேசட்டை வேகமாகப் பிரதி எடுக்கும்போது முதலில் செத்துப்போவது மேல் சுருதிகள்தான். 'ஸ்', 'ஷ்' போன்ற எழுத்துகளின் கூர்மை மழுங்கும். பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொன்று என்று நாலு கை மாறி வரும் கேசட்டில் பாடகர் சளி பிடித்தவர்போல் ஒலிப்பார். எங்கள் தேநீர்க் கடை ஒலிபெருக்கியோ தகரப் பெட்டி. அதில் கீழ்ச்சுருதியை எதிர்பார்ப்பது வறண்ட குளத்தில் மீன் தேடுவது. அமெரிக்க ராப்பின் உயிர் அடிநாதத்தில் இருக்கிறது. ரோலண்ட் கம்பெனி 1980இல் கொண்டுவந்த 808 என்ற தாளப் பெட்டியின் 'பூம்' அது, காதைவிட நெஞ்சில் கேட்பது. எங்களுக்குக் கிடைத்ததோ நெஞ்சில்லாத ராப். வெறும் தொண்டை.

ஆனால் அந்தத் தொண்டை என்ன தொண்டை! அன்றைக்குப் பாடல் வரிகளை முன்கூட்டியே தணிக்கை அலுவலகத்தில் கொடுத்து அனுமதி வாங்கினால்தான் ஆல்பம் கடைக்கு வரும். சிவப்பு மை எந்தச் சொல்லில் விழும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எழுதும்போதே பாதியை விழுங்கி எழுதினார்கள். விழுங்கியது எங்கே போகும்? குரலுக்குள் போனது. காகிதத்தில் படித்தால் சோறு தண்ணீர் பற்றிய புலம்பல், காதலில் தோற்றவனின் ஆத்திரம், அவ்வளவுதான். அதைச் சொல்லும் விதத்தில், மூச்சை எங்கே வெட்டுகிறான், எந்த அசையைக் கடிக்கிறான் என்பதில் வேறொன்று இருந்தது. அதிகாரி வரியைப் படித்தார், பல்லைக் கடிக்கும் சத்தத்தைப் படிக்க அவரிடம் படிவம் இல்லை. பிற்காலத்து ஆல்பங்களில் ஒலி எத்தனையோ மடங்கு உயர்ந்திருக்கிறது. அந்தக் கடி மட்டும் திரும்ப வர இருபது ஆண்டு ஆயிற்று. எப்படித் திரும்பியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மாவில் 'காப்பி' பாட்டு என்று ஒரு வகை உண்டு. வெளிநாட்டு மெட்டை அப்படியே எடுத்துப் பர்மிய வரி போட்டுப் பாடுவது. வெளியுலகக் கதவு சாத்திக் கிடந்த பல பத்தாண்டுகளில் ஜனங்கள் மேற்கத்திய இசையைக் கேட்டது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். இதை வெட்கமென்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1988 எழுச்சியின் கீதமாகி, உலகம் அழியும்வரை பொறுக்கமாட்டோம் என்று சபதமிட்ட அந்தப் பாட்டே கான்சாஸ் என்ற அமெரிக்கக் குழுவின் மெட்டில் நாயிங் மியன்மா எழுதியதுதான். கடன் வாங்கிய பாத்திரத்தில் சொந்தக் கண்ணீர். ஆசிட்டுக்குப் பின்னால் வந்தவர்கள் 'சொந்த மெட்டு' என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தொடங்கியது ஒரு படி என்றால், அதற்கு முந்தைய படியை உதைத்துத் தள்ளக்கூடாது.

தமிழ் ராப்பும் அப்படி ஏறி வந்ததுதான். 1998இல் மலேசியாவில் பொயட்டிக் அம்மோ குழு முதல் ஆல்பம் போட்டபோது தமிழ் அதில் பல மொழிகளுக்கு நடுவே ஒன்று. அந்தக் குழுவிலிருந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரோடு 2006இல் 'வல்லவன்' கொண்டுவந்தார். முழுக்கத் தமிழ். யாங்கோன் தமிழ்ப் பையன்களான எங்களுக்கு அது மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் கைப்பையில் குறுந்தகடாக வந்து சேர்ந்தது. அதில் எல்லோரையும் இழுத்த பாட்டு இளையராஜாவின் 1980ஆம் வருடத்து மெட்டின் தோளில் ஏறி நின்றது. எட்டே ஆண்டில் ஒரே மனிதரின் இரண்டு ஆல்பங்களுக்கு நடுவே ஒரு மொழி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டதைக் காதால் அளக்க முடிந்தது.

இன்னும் தெளிவாக அளக்க வேண்டுமென்றால் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. 2005இல் வந்த 'அருளர்' ஏறக்குறைய ஒரு ரோலண்ட் எம்.சி. 505 பெட்டியின் முதுகில் கட்டியெழுப்பியது, எலும்பும் தோலுமான ஒலி. இரண்டே ஆண்டில் 'கலா'. அதற்காகச் சென்னைக்கே வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்தார். தகப்பன் பெயரில் முதல் ஆல்பம், தாய் பெயரில் இரண்டாவது. 2010இல் 'மாயா'வில் துளைப்பானும் இரும்பும் உரசும் இரைச்சல். பிறகு 2013, 2016, 2022 என்று இன்னும் மூன்று. எல்லாம் ஏறுமுகம் என்று சொல்லமாட்டேன். எனக்கு 'கலா'வே உச்சம், 2016ஆம் ஆண்டு ஆல்பத்தில் கை சோர்ந்திருக்கிறது. ஏறினாலும் இறங்கினாலும் கோடு முழுசாக நம் முன்னால் இருக்கிறது. பதினேழு ஆண்டில் ஒரு கலைஞர் எப்படி மாறினார் என்று வரிசையாக வைத்துக் கேட்கலாம்.

ஸேயா தோவுக்கு அந்தக் கோடு இல்லை.

2007 செப்டம்பரில் இராணுவ ஆட்சிக்கு எதிராகப் பிக்குகள் தெருவில் இறங்கி நடந்தார்கள். அது ஒடுக்கப்பட்டதும், அக்டோபர் 9ஆம் தேதி ஸேயா தோவும் நண்பர்களும் 'தலைமுறை அலை' என்ற பொருள்படும் பெயரில் ஓர் இளைஞர் அமைப்பைத் தொடங்கினார்கள். பாட்டும் சுவரெழுத்தும் துண்டுப் பிரசுரமும் அவர்களுடைய ஆயுதங்கள். 2008 மார்ச்சில் யாங்கோனில் ஓர் உணவகத்தில் இருந்தபோது அவரைப் பிடித்தார்கள். நவம்பர் 20ஆம் தேதி ஆறு வருடத் தண்டனை. சட்டவிரோத அமைப்புக்கு ஐந்து, கையில் கொஞ்சம் வெளிநாட்டுப் பணம் வைத்திருந்ததற்கு ஒன்று. நாட்டின் தெற்கு முனையில் இருக்கும் கோதௌங் சிறைக்கு அனுப்பினார்கள். 2011 மே மாதம் வெளியே வந்தார். யான் யான் சானும் 2008 ஏப்ரலில் பிடிபட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். எங்கள் தெரு அகோ தன்னிடமிருந்த ஆசிட் கேசட்டுகளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தது அந்த நாட்களில்தான். ஒளிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஸேயா தோ உள்ளே இருந்த வருடங்களில் வெளியே ராப் நின்றுவிடவில்லை. டவுன்ஜீயிலிருந்து வந்த சாய் சாய் காம் லெங் அதைச் சீவிச் சிங்காரித்துக் கல்யாண வீடுவரை கொண்டுபோனார். அவர் பாட்டில் காதல்தான் எல்லாம். வீசிடி காலம் அது. பாட்டோடு படமும் பார்க்கலாம் என்றதும் உடையும் ஆட்டமும் ஒலியைவிடப் பெரிதாயின. தார் ஸோ வேறு திசையில் போனார். லண்டனில் ஒலிப்பொறியியல் படித்துத் திரும்பி, நாட் தெய்வங்களுக்குச் சாமியாடும் பூசை இசையை எடுத்து மின்னணுத் தாளத்தில் கோத்தார். ஸைங் வாயிங் குழுவில் வட்டமாகக் கட்டிய 21 மேளங்களும், காதைக் கிழிக்கும் ஹ்னே நாகசுரமும், கம்ப்யூட்டர் அடிக்கும் தாளமும் ஒரே பாட்டில். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா உடுக்கையை யாராவது இப்படி எடுத்தால் எப்படி இருக்கும் என்று நான் ஏங்கியது அதைக் கேட்டபோதுதான். பர்மிய ராப் ஆல்பம் ஒன்றின் ஒலி முதல்முறையாக வேறெந்த நாட்டிலும் பிறந்திருக்க முடியாத ஒலியாக எனக்குப் பட்டதும் அப்போதுதான்.

ஒலியைவிட நுட்பமாக மாறியது யாப்பு. இரண்டு மொழியிலும் காது வளர்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பர்மிய வாக்கியமும் தமிழ்போல வினையில்தான் முடியும். முடிவில் 'தே', 'மே', 'பூ' என்று ஓர் ஒட்டு வரும், நம் '-கிறேன்', '-வேன்', '-மாட்டேன்' மாதிரி. ஆகவே அடிக்கடி இயைபு தானாக விழும். உழைக்காமல் கிடைக்கும் கூலி. முதல் அலைப் பாடகர்கள் பலர் இந்தக் கூலியிலேயே காலம் தள்ளினார்கள். தமிழில் தொடக்க கால ராப் பலதும் அப்படித்தான், 'போனேன்', 'ஆனேன்', 'வந்தேன்' என்று வரிசை கட்டும். ஆனால் பர்மியச் செய்யுளுக்குள் வேறொரு புதையல் கிடந்தது. நாலசை அடிகளில் முதல் அடியின் நான்காம் அசையும், இரண்டாம் அடியின் மூன்றாம் அசையும், மூன்றாம் அடியின் இரண்டாம் அசையும் ஒன்றுக்கொன்று ஒலி ஒத்து வரும். படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைப்பதுபோல ஒலி அடிக்குள் நகர்ந்துகொண்டே போகும். இதைக் காயன் என்பார்கள். நம் எதுகை இரண்டாம் எழுத்தில் உட்கார்ந்திருக்கும், மோனை முதலெழுத்தில். இந்தக் காயனோ ஓரிடத்தில் உட்காராது. வேகமாகப் பேசும் ராப்பின் தாளத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் சலிப்போடு மனப்பாடம் செய்த இந்தப் பழம் இலக்கணத்தை 2010க்குப் பிறகு வந்தவர்கள் அடியின் நடுவில் கொண்டுவந்து பொருத்தியதைக் கேட்கும்போது எனக்குச் சிலிர்க்கும். கடைசி ஒட்டில் மட்டும் மோதிக்கொண்டிருந்த ஒலி வரி முழுக்க ஓட ஆரம்பித்தது. டபுள் ஜே, ஜே-மீ, பெண்களில் பாபி சாக்ஸர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நடை பிறந்தது.

அது பிறக்கக் காலமும் இடம் கொடுத்தது. 2012 ஏப்ரல் 1 இடைத்தேர்தலில் ஸேயா தோ நேப்பிடோவின் போப்பதிரி தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி, அச்சுக்கு முந்தைய தணிக்கை விலகியது. பாட்டுக்காரர்கள்மீது இருந்த பிடியும் தளர்ந்தது. மறு ஆண்டே தன்ஜாட் மேடையேறியது. ஆயா அதைப் பார்க்க இல்லை.

பிறகு வந்தது சிம் கார்டு. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான டாலர் விலை போன பொருள். எங்கள் தெருவில் மீன் ஏலம் எடுப்பவர் ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது. 2014இல் ஊரேடூவும் டெலிநாரும் கடை விரித்தபோது விலை 1,500 சாட். மூன்று நான்கு தேநீர்க் காசு. ஓராண்டுக்குள் சைக்காக்காரர் சட்டைப்பையிலும் போன். கேசட்டும் வீசிடியும் தெருவிலிருந்து மறைந்தன. அதோடு ஆல்பம் என்ற உருவமும் கரைந்தது. பர்மிய மொழியில் கேசட்டையும் குறுந்தகட்டையும் 'க்வே' என்பார்கள், சுருள் என்று பொருள். ஒரு க்வே வாங்கினால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்போம், பிடிக்காத பாட்டையும் சேர்த்து. நாடாவைத் தாண்டி ஓட்டச் சோம்பல்பட்டுக் கேட்ட மூன்றாவது பாட்டு ஆறு மாதத்தில் பிடித்தமான பாட்டாகிவிடும். ஒவ்வொரு பாட்டாகப் பேஸ்புக்கில் வரத் தொடங்கிய பிறகு அந்தப் பொறுமைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

வீட்டுக்குள்ளேயே ஸ்டுடியோ. ஒரு லேப்டாப், ஒரு மைக், சுவரில் பஞ்சு மெத்தை. தகரக் கூரையில் மழை கொட்டாத நேரமாகப் பார்த்து, தெரு நாய்கள் அடங்கிய பிறகு பதிவு. ஒலி சுத்தமாயிற்று. எந்தச் சொல்லும் தெளிவாகக் கேட்டது. அடிநாதமும் ஒருவழியாக வந்து சேர்ந்தது, கொஞ்சம் விசித்திரமான வழியில். போனின் குட்டி ஒலிபெருக்கியால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாக ஒலிக்க முடியாது. அதனால் அடிநாதத்தின் மேல் சுருதிகளைச் சேர்த்துக் கலப்பார்கள். மேலே உள்ளவை கேட்டால் மூளை கீழே உள்ளதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். இல்லாத நெஞ்சை இருப்பதாகக் காட்டும் வித்தை. யாங்கோன் பையன்கள் இதில் தேர்ந்துவிட்டார்கள். குரலைச் சுருதிக்கு இழுத்துவைக்கும் கருவியும் கூடவே வந்தது. அதில்தான் எனக்கு மனத்தாங்கல். பர்மிய மொழியில் ஒரே அசை ஏற்ற இறக்கத்தாலும் தொண்டை நெரிப்பாலும் வெவ்வேறு பொருள் தரும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கருவி வழவழப்பாக்கும்போது சொல் பாதி கரைந்து தேனில் விழுந்த எறும்புபோல் ஆகிறது. 2000இன் கேசட்டில் ஒலி மங்கலாக இருந்தும் சொல் கூர்மையாக இருந்தது. 2018இன் பாட்டுகள் பலவற்றில் ஒலி பளிங்கு, சொல் மங்கல். குறை கருவியிடம் மட்டும் இல்லை. பயம் குறைந்தபோது சொல்ல வேண்டியதும் குறைந்துவிட்டதோ என்று அந்த வருடங்களில் நான் நினைத்ததுண்டு. தவறாக நினைத்தேன். பயம் குறையவே இல்லை. 2019இல் இராணுவத்தைக் கேலி செய்து தன்ஜாட் பாடிய 'மயில் தலைமுறை' குழுவைச் சேர்ந்த இளைஞர்களுக்குச் சிறைத் தண்டனை விழுந்தது. அப்போது நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை ஆங் சான் சூச்சியின் கட்சிக்கு.

2021 பிப்ரவரி 1, இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. அதற்கு மறுநாள் இரவு எட்டு மணிக்கு க்யிம்யிண்டைங் முழுக்கப் பாத்திரங்கள் ஒலித்தன. கெட்ட ஆவியை விரட்டத் தட்டுவதுபோலக் குழம்புச் சட்டி, ஈயப் பானை, எவர்சில்வர் தட்டு. முதல் நாள் கண்டபடி இரைந்த சத்தம், நாலைந்து நாளில் தாளமாகிவிட்டது. ஒரு மாடி கேட்கும், எதிர் மாடி பதில் சொல்லும். ஆயா உயிரோடு இருந்திருந்தால் அதற்கும் ஒரு பெயர் சொல்லியிருப்பாள். 1988இன் நாயிங் மியன்மா பாட்டு மாடிகளிலிருந்து மறுபடி எழுந்தது. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ராப் பாடிய பையன்கள் பெயரை மறைத்தார்கள், முகத்தை மறைத்தார்கள், சிலர் 'இராணுவ ஆட்சிக்கு எதிரான ராப்' என்ற பொருள்படும் பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். மெத்தை கட்டிய அறை இல்லை. பின்னணியில் மின்விசிறி, மழை, யாரோ இருமுவது. ஒலித்தரத்தில் இருபது ஆண்டு பின்னால் போய்விட்ட பதிவுகள் அவை. தொண்டை திரும்பி வந்திருந்தது.

அடுத்த மாதம், மார்ச் 7ஆம் தேதி, சென்னையிலிருந்து அறிவும் தீயும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. இணையத்தை இராத்திரிகளில் அறுத்துவிடும் ஊரில், பகலில் அதைத் துண்டு துண்டாக இறக்கிக் கேட்டேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது. நெல் வயலுக்காகவும் துறைமுகத்துக்காகவும் பர்மாவுக்குக் கப்பலேறிய என் முன்னோருக்கும் அதில் இடம் இருந்தது. ஒப்பாரியும் ராப்பும் ஒரே மூச்சில் வந்தன. இந்த இடத்துக்கு வந்து சேர அறிவு நடந்து வந்த பாதையும் நம் முன்னால் இருக்கிறது. 2018இல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை, 2019இல் 'தெருக்குரல்' ஆல்பம், பிறகு இது.

அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி காலை, க்யிம்யிண்டைங்கின் பன்பின்ஜீ தெருவில் சின்ன ஊர்வலம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. பதாகையும் பூவும் கையில். பின்னாலிருந்து இராணுவ வண்டி வந்து கூட்டத்தின் மேல் ஏறியது. எங்கள் தெருக்களில் ஒன்று அது. அதன் காட்சிகள் உலகமெங்கும் போயின. அந்தக் காணொளியில் பாட்டு இல்லை. ஓடும் கால்களின் சத்தம் மட்டும்.

ஸேயா தோவை அதற்கு இரண்டரை வாரம் முன்னதாகவே பிடித்திருந்தார்கள். 2022 ஜனவரியில் மரண தண்டனை. ஜூலை 25ஆம் தேதி, தூக்கிலிட்டுவிட்டதாக அரசுப் பத்திரிகை அறிவித்தது. 88 தலைமுறையின் கோ ஜிம்மியோடு சேர்த்து நான்கு பேர். பல பத்தாண்டுகளில் அந்த நாடு நிறைவேற்றிய முதல் தூக்கு. அவருக்கு 41 வயது. எம்.ஐ.ஏ. தன் ஆறாவது ஆல்பத்தை வெளியிட்டதும் அந்த 2022இல்தான். பத்தொன்பது வயதில் ஒரு மொழியின் ராப்பைத் தொடங்கிவைத்தவன், நாற்பது வயதில் எப்படிப் பாடியிருப்பான்? குரல் தடித்திருக்குமா? காயனை உள்ளே இழுத்திருப்பானா? உறுமியைப்போல ஏதாவது ஒரு மேளத்தைத் தேடிக்கொண்டு ஸைங் வாயிங்காரர் வீட்டுக்குப் போயிருப்பானா? ஆல்பங்கள் எப்படி வளர்கின்றன என்று பேசும்போதெல்லாம் கருவி, ஸ்டுடியோ, தயாரிப்பாளர் என்றே பேசுகிறோம். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கொடுக்கப்படாத இருபது ஆண்டு.

2023இல் இன்னொன்று. ராப் பாடகர் பியூ ஹா, அந்த நாயிங் மியன்மாவின் மகன், மின்வெட்டைத் திட்டிப் பேஸ்புக்கில் பேசினார். மே மாதம் கைது, செப்டம்பரில் 20 வருடத் தண்டனை. அப்பா எழுதிய பாட்டு ஓர் எழுச்சிக்கு, மகன் பேசியது மின்சாரத்துக்கு. யாங்கோனில் வாழ்ந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல என்பது தெரியும். எங்களுக்கு மின்சாரம்தான் ஸ்டுடியோ, கேசட், டீக்கடை, பேஸ்புக். அது எத்தனை மணிக்கு வரும் என்பதை வைத்துத்தான் ஒருவன் எப்போது பாடுவான், எப்போது கேட்பான் என்பது.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். வியாசர்பாடியில் அத்தை வீடு. 60களில் நெ வின் ஆட்சி கடைகளையும் தொழில்களையும் பிடுங்கிக்கொண்டபோது கப்பலேறி வந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் அவர்களும் உண்டு. அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் கடைகளும், பர்மியப் பேச்சு கலந்த தமிழும் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. மாலையில் பையன்கள் முட்டுச் சந்தில் கானாவையும் ராப்பையும் மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். அத்தைக்கு அது தன்ஜாட்டாகத்தான் கேட்கிறது. ஆயாவின் மகள்தானே.

வரும்போது ஒரே ஒரு கேசட்டைக் கொண்டு வந்தேன். அரிசிப் பானையிலிருந்து எதிர் வீட்டு அகோ எடுத்துக் கொடுத்தது. 2000இல் எங்கள் வீட்டுத் திண்ணையில் நானும் அவரும் பிரதி எடுத்த ஆசிட். இணைக்க ஒயர் இல்லாததால் அவருடைய பேட்டரி டேப்பில் பாட்டை ஓடவிட்டு, எங்கள் வீட்டு மின்சார டேப்பின் மைக்கை அதன் எதிரே வைத்துப் பதிவு செய்தோம். நாடா ஒட்டிப்போகும் முன் அதை மாற்றி வைக்கலாமென்று ரிச்சி தெருவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். இரைச்சலைக் குறைத்தான். மழுங்கிய எழுத்துகளைக் கொஞ்சம் தீட்டினான். ஒரு இடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க பாட்டு கட் ஆவுது. அப்புறம் யாரோ பசங்க கத்துறாங்க. அது முடிஞ்சா பாட்டு வேற எடத்துல இருந்து ஓடுது. கேசட்டு பழுதா?"

பழுதில்லை. நான்காவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. எங்கள் டேப் நின்றது. அவருடைய பேட்டரி டேப் நிற்காமல் இருட்டில் பாடிக்கொண்டே இருந்தது. பதிவுப் பொத்தான் அழுந்தியபடியே கிடந்தது. கரண்ட் திரும்பியதும் நாடா தானாகச் சுழன்று, முதலில் பிடித்தது தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் போட்ட கூச்சலை. "மீ லா பி!" கரண்ட் வந்துடுச்சு. அதற்குக் கீழே, பாட்டில் வெகுதூரம் போய்விட்டிருந்த நான்கு பேர்.

"இந்த எடத்த மட்டும் வெட்டி ஒட்டிடட்டுமாண்ணே? தெரியாது."

வேண்டாம் தம்பி, அப்படியே இருக்கட்டும் என்றேன். அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னேன்.